டெக்ஸ்டர்: வலது கையா, சாயக்காரியா?

கனடாவில் இருக்கும் உங்கள் அக்கா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளை அந்த நாட்டுக்காரர். குழந்தைக்கு டெக்ஸ்டர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு அந்தப் பெயரின் பொருள் தெரிந்தாக வேண்டும். ஒருவர் ‘வலது கை’ என்கிறார், இன்னொருவர் ‘சாயம் போடுகிற பெண்’ என்கிறார், இரண்டில் எது சரி, இது அபூர்வமான பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவதாகச் சொன்னவர் சொன்னதுதான் சரி. முதலாமவர் சொன்னதும் சும்மா கிளம்பிய கதை இல்லை. அந்தப் பெயர் இன்று பிழைத்திருப்பதற்கு அந்தத் தவறான பொருளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முதலில் வலது கையைப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘டெக்ஸ்டர்’ என்றால் வலப்பக்கம். சமஸ்கிருதத்தின் ‘தக்ஷிண’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. கிழக்கே பார்த்து நின்றால் வலப்பக்கம் தெற்கு. அதனால்தான் தட்சிணம் என்றால் தெற்கு என்றும் பொருள். அந்த வகையில் லத்தீன் டெக்ஸ்டருக்கும் நம் தட்சிணாமூர்த்திக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு இது பிடிக்கும். ரோமானியர்கள் இதை ஆள் பெயராகவும் வைத்திருந்தார்கள். பைபிளை லத்தீனில் பெயர்த்த புனித ஜெரோம், நான்காம் நூற்றாண்டின் கடைசியில், கிறிஸ்தவ எழுத்தாளர்களைப் பற்றித் தான் எழுதிய நூலை டெக்ஸ்டர் என்ற நண்பருக்குத்தான் காணிக்கையாக்கினார்.

ஆனால் அந்த ரோமானியப் பெயர் வழிவழியாக வந்து டொராண்டோவில் ஒரு தொட்டிலை எட்டவில்லை. இன்று ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் குழந்தைகளுக்கு வைக்கப்படும் டெக்ஸ்டர், இங்கிலாந்தின் ஒரு குடும்பப் பெயரிலிருந்து வந்தது. அந்தக் குடும்பப் பெயர் ஒரு தொழிலிலிருந்து வந்தது. தொழிலின் பெயர் சுத்தமான ஜெர்மானிய வேர் கொண்டது, அதாவது ஆங்கிலம், டச்சு, ஜெர்மன், நார்ஸ் எல்லாம் சேர்ந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. லத்தீனோடு அது ஒத்திருப்பது தற்செயல்.

பழைய ஆங்கிலத்தில் சாயத்துக்கு ‘டேயக்’ என்று பெயர். இன்றைய ‘டை’ அதுதான். சாயம் தோய்க்கும் பெண் ‘டேயகெஸ்ட்ரெ’. அந்த ‘எஸ்ட்ரெ’ பெண்பால் விகுதி. நாம் உழவன்–உழத்தி, குறவன்–குறத்தி என்கிறோமே, அந்த ‘த்தி’யின் வேலையைத்தான் அது செய்தது. ரொட்டி சுடும் ஆண் ‘பாக்கெரெ’, பெண் ‘பாக்கெஸ்ட்ரெ’. முதலாவது இன்றைய பேக்கர் ஆயிற்று, இரண்டாவது பாக்ஸ்டர் ஆயிற்று. நெசவுக்காரி வெப்ஸ்டர் ஆனாள், பியர் காய்ச்சுகிறவள் ப்ரூஸ்டர் ஆனாள். சாயக்காரி டெக்ஸ்டர் ஆனாள். நடுவில் ‘க்ஸ்’ எப்படி வந்தது என்றால், டேயக் என்பதன் கடைசி மெய் தொண்டையில் உரசி வரும் ஒலி. இடையிலிருந்த உயிர் தேய்ந்து போய், அந்த ஒலி ‘ஸ்ட்’டோடு நேராக மோதியபோது ‘க்ஸ்ட்’ என்று இறுகிவிட்டது. எல்லா ஊரிலும் அப்படி இறுகவில்லை. சில வட்டாரங்களில் ஒலி கரைந்தே போய் டைஸ்டர், டிஸ்டர் என்ற குடும்பப் பெயர்களும் உண்டாயின. டெக்ஸ்டர் என்ற வடிவம் லெஸ்டரைச் சுற்றிய நடு இங்கிலாந்துப் பகுதியில்தான் வேர்விட்டது.

இந்த விகுதியின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. டச்சு மொழியில் அது இன்றும் பெண்பாலாகவே உயிரோடு இருக்கிறது. தையல்காரியை அங்கே ‘நாய்ஸ்டர்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது மெல்ல மெல்லப் பெண்மையை இழந்தது. இழந்தது எவ்வளவு முழுமையாக என்றால், தையல்காரியைக் குறித்த சீம்ஸ்டர் என்ற சொல் பெண்ணைக் குறிக்கிறது என்பதே மறந்துபோய், அதன் மேல் பிரெஞ்சிலிருந்து வந்த இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டி ‘சீம்ஸ்ட்ரெஸ்’ ஆக்கினார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு முறை பெண் வேடம். கடைசி வரை பெண்ணாகவே நின்ற ஒன்று உண்டு: ஸ்பின்ஸ்டர். நூல் நூற்பவள் என்ற அந்தச் சொல், சட்டப் பத்திரங்களில் திருமணமாகாத பெண்ணைக் குறிக்கும் சொல்லாக மாறிவிட்டது. பிறகு வந்த கேங்ஸ்டரில் இருப்பதும் இதே விகுதிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘டெக்ஸ்டர் என்று பெயருள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூதாதை ஒரு பெண்’ என்று சொல்லிவிட முடியாது. விகுதி பெண்பாலாகப் பிறந்தாலும், சீக்கிரமே ஆண்களுக்கும் ஒட்டிக்கொண்டது. ஆதியாகமம் 40ஆம் அதிகாரத்தில் பார்வோனின் சிறையில் யோசேப்போடு இருந்த ரொட்டி சுடுகிறவனை நினைத்துப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அவனையே ‘பாக்கெஸ்ட்ரெ’ என்கிறது. அந்தக் காலத்தில் வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ரொட்டி சுடும் ஆண்களுக்கும் பாக்ஸ்டர் என்றுதான் பெயர். எடின்பரோவில் அவர்களுடைய தொழிற்சங்கமே பாக்ஸ்டர்கள் சங்கம். டீன் கிராமத்தில் ஆற்றோரம் அவர்களுடைய பழைய மாவு ஆலைக் கட்டடங்களில் ஒன்றில், 1675ஆம் ஆண்டைப் பொறித்து, இந்த வீட்டைக் கட்டிய எடின்பரோ பாக்ஸ்டர்களைக் கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஆண்கள்தான்.

சொல் ஏன் ஆணுக்குப் போயிற்று? தொழில் ஆணுக்குப் போனதால் என்பதே என் எண்ணம். வீட்டுக்குள் ஒரு பானை, கொஞ்சம் இலை, கொஞ்சம் சாம்பல் தண்ணீர் என்று நடந்தவரை சாயம் போடுவது பெண்ணின் வேலை. நீலத்துக்கு வோட் என்ற செடி. நம் அவுரியில் இருக்கிற அதே நீலப்பொருள்தான் அதிலும் இருக்கிறது, அளவு மட்டும் குறைவு. சிவப்புக்கு மேடர் என்ற வேர், நம் மஞ்சிட்டியின் இனம். மஞ்சளுக்கு வெல்ட். வோட் நீலத்தின் மேல் வெல்ட் மஞ்சளை ஏற்றினால் பச்சை. லிங்கன் நகரத்துப் பச்சைத் துணி பெயர் வாங்கியது அப்படித்தான். ஆங்கிலக் கம்பளித் துணி ஏற்றுமதிச் சரக்காக வளர்ந்தபோது பிரான்சிலிருந்து வோட் உருண்டைகளும் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து படிகாரமும் கப்பலில் வந்து இறங்கின. பெரிய தொட்டி, விறகு, கடன், சரக்கு என்று முதலீடு தேவைப்பட்டதும் தொழில் சங்கங்களின் கைக்குப் போனது. லண்டன் சாயக்காரர் சங்கம் 1471இல் அரச சாசனம் பெற்றது. இன்றும் தேம்ஸ் நதியில் ஆண்டுதோறும் அன்னங்களை எண்ணும் சடங்கில் அரசருக்கும் திராட்சை மது வணிகர் சங்கத்துக்கும் அடுத்தபடி உரிமை உள்ளது அந்தச் சாயக்காரர் சங்கத்துக்குத்தான். சாயத் தொட்டியை முதலில் கிளறிய பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் தொழிலின் பெண்பால் சொல் மட்டும் ஆண்களின் பெயராக மிஞ்சியிருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வெண்ணிக் குயத்தியார் நினைவுக்கு வருவார். கரிகாலனைப் புறநானூற்றில் பாடியவர். வெண்ணி அவர் ஊர், குயத்தி அவர் குலத்தொழில். அவருக்கு வீட்டில் என்ன பெயர் வைத்தார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. அடையாளத்துக்குச் சொன்ன ஊரும் தொழிலுமே பெயராக நின்றுவிட்டன.

இங்கிலாந்திலும் பெயர்கள் முதலில் அடையாளமாகத்தான் ஒட்டின. ஊரில் நான்கு ராபர்ட் இருந்தால் சாயக்கார ராபர்ட், ஆலைக்கார ராபர்ட் என்று சொல்லித்தானே பிரிக்க முடியும்? 1066இல் நார்மானியர் வந்த பிறகு வில்லியம், ராபர்ட், ஜான் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெயர்களையே எல்லாரும் வைத்துக்கொண்டார்கள். அதனால் அடைமொழியின் தேவை கூடியது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து பதினான்காம் நூற்றாண்டுக்குள் அந்த அடைமொழி தந்தையிடமிருந்து பிள்ளைக்குப் போகும் குடும்பப் பெயராக உறைந்தது. பிள்ளை சாயத் தொட்டியின் பக்கமே போகாதவனாக இருந்தாலும் டெக்ஸ்டர்தான்.

உறையும் வேளையைக் காட்ட ஓர் ஆளைச் சொல்கிறேன். 1381இல் இங்கிலாந்தில் விவசாயிகள் கிளர்ந்தபோது நார்ஃபோக்கில் தலைமை ஏற்றவர் ஜெஃப்ரி லிட்ஸ்டர். லிட்ஸ்டர் என்றாலும் சாயக்காரர்தான். நிறத்தைக் குறிக்கும் வடநார்டிக் (வைக்கிங்குகளின் மொழி) சொல்லோடு அதே ‘ஸ்டர்’ சேர்ந்தது. அவர் தொழிலும் சாயம் போடுவதே. அவரைத் தோற்கடித்துத் தூக்கிலிட்டவர் நாரிச் நகரத்துப் பிஷப் ஹென்றி டிஸ்பென்சர். டிஸ்பென்சர் என்றால் பண்டகசாலைப் பொறுப்பாளர். பிற்காலத்தில் ஸ்பென்சர் ஆனது அதுவே. பெயரும் தொழிலும் ஒன்றாகவே இருந்த ஒரு மனிதரும், தொழில் மறைந்து பிரபுப் பட்டமாக மாறிய பெயருள்ள ஒருவரும் ஒரே களத்தில் நின்றார்கள். லிட்ஸ்டர் தேய்ந்து லிஸ்டர் ஆயிற்று. அறுவை சிகிச்சையில் கிருமிநீக்கத்தைக் கொண்டுவந்த ஜோசஃப் லிஸ்டரின் பெயரும் சாயத் தொட்டியில் பிறந்ததுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, அபூர்வமா என்பது. இதற்குப் பதில் சொல்ல அந்த மொழிக் குடும்பத்தைப் பேசிய பழங்கால ஜெர்மானியர்கள் குழந்தைக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று தெரிய வேண்டும். அவர்கள் பழக்கம் இரண்டு சொல்லைக் கோப்பது. எட்வர்ட் என்றால் செல்வம், காவலன். கெர்ட்ரூட் என்றால் ஈட்டி, வலிமை. வுல்ஃப்காங்கில் ஓநாய் இருக்கிறது. குழந்தை வளர்ந்து என்னவாக வேண்டும் என்ற ஆசையைப் பெயரில் வைத்தார்கள், பிழைப்புக்கு என்ன செய்யும் என்பதை வைக்கவில்லை. ஜெர்மானிய உலகின் புகழ்பெற்ற கொல்லன் வேலண்டின் பெயரில்கூட ‘ஸ்மித்’ என்ற சொல் இல்லை. விதிவிலக்குகள் உண்டு, அவை வடநார்டிக் பக்கம் கிடைக்கின்றன. ‘ரீக்ஸ்தூலா’ என்ற பழைய நார்ஸ் பாடலில் குடியானவனின் பிள்ளைகளுக்குக் கொல்லன், பண்ணைக்காரன் என்றே பெயர்கள் வருகின்றன. ஆனால் அங்கே பாடல் ஒரு வகுப்பையே விளக்குகிறது, நடப்பில் இருந்த பழக்கத்தை அல்ல. நடப்பில் இருந்ததற்கு நல்ல சாட்சி சுமர்லிதி: கோடையில் கடலோடுகிறவன். வைக்கிங் கடலோடிகளின் வாழ்க்கை அப்படியே பெயரில் வந்துவிட்டது. 1164இல் போரில் மாண்ட ஸ்காட்லாந்துத் தீவுகளின் ஆண்டை சோமர்லெட் தாங்கியது இந்தப் பெயரைத்தான். தொழிலையே பிறந்த குழந்தைக்கு முதற்பெயராக வைத்த ஜெர்மானிய மொழிப் பெயர்களில் எனக்குப் பிடித்தது இது. இப்போது இதை வைக்கிறவர்கள் மிகச் சொற்பம்.

ஆக, தொழிற்பெயர் முதற்பெயராக வேண்டுமானால் முதலில் குடும்பப் பெயராகி, பிறகு அங்கிருந்து திரும்பி வர வேண்டும். அந்தத் திரும்பும் பாதை இங்கிலாந்தில்தான் திறந்திருந்தது. ஆங்கில வரலாற்றாசிரியர் வில்லியம் கேம்டன் 1605இல் எழுதியபோதே, குடும்பப் பெயரைக் குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயராக வைக்கும் புதுப்பழக்கம் கிறிஸ்தவ உலகில் வேறெங்கும் இல்லை, நம்மிடம் மட்டுமே இருக்கிறது என்று குறிப்பிட்டிருக்கிறார். காரணம் பெரும்பாலும் சொத்தும் சொந்தமும். தாயின் பிறந்தகப் பெயர் அழிந்துவிடக் கூடாது என்று அதை மகனுக்கு முதற்பெயராக வைத்தார்கள்.

ஜெர்மனியில் அந்தக் கதவு சாத்தியே இருந்தது. அங்கே அதிகம் காணப்படும் குடும்பப் பெயர்களின் முன்வரிசை முழுக்கத் தொழில்: முய்லர் ஆலைக்காரர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர். ஆனால் குழந்தைக்கு ‘ஷ்மிட்’ என்று முதற்பெயர் வைக்கப் பதிவு அலுவலகம் விடாது. ஃப்ரீஸியக் கரையோரத்துப் பழக்கம் மட்டும் விதிவிலக்கு. 2005இல் ‘ஆண்டர்சன்’ என்ற முதற்பெயர் பற்றிய வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் கொஞ்சம் தளர்த்தியது. டென்மார்க்கில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயரே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஐஸ்லாந்தில் இன்றும் தந்தை பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்பதுதான். ஆகவே ஜெர்மானியத் தொழிற்பெயரை முதற்பெயராகத் தேடுகிறவர் கடைசியில் ஆங்கிலத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

ஆங்கிலத்திலும் சலித்துப் பார்க்க வேண்டும். எல்லாத் தொழிற்பெயரும் ஜெர்மானியம் அல்ல. டைலருக்கு லத்தீன் வேர், ஆர்ச்சர் பிரெஞ்சு. கூப்பர் டச்சுப் பக்கத்திலிருந்து வந்தாலும் பீப்பாயைக் குறிக்கும் அதன் அடிச்சொல் லத்தீன். மார்ஷலுக்குப் பிரெஞ்சு வேடம், உள்ளே சுத்த ஜெர்மானியம்: ‘மார’ குதிரை, ‘ஸ்கால்க்’ வேலையாள். குதிரை லாயத்து ஆள் படைத்தலைவராக உயர்ந்த கதை அது. ஸ்டூவர்ட்டும் ஜெர்மானியமே: வீட்டைக் காப்பவர் என்ற பழைய ஆங்கிலச் சொல், ஸ்காட்லாந்து அரச மரபின் பெயரானது. ஹண்டர் அசல் பழைய ஆங்கிலம்.

இவற்றில் சில இன்று அபூர்வமே அல்ல. கொத்தனாரைக் குறிக்கும் மேசன் 2011இல் அமெரிக்காவில் ஆண் குழந்தைகளுக்கு வைத்த பெயர்களில் இரண்டாம் இடத்துக்கே வந்தது. ‘ஸ்டர்’ குடும்பத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெப்ஸ்டரும் ப்ரூஸ்டரும் முதற்பெயராக எங்கோ ஒன்றிரண்டு. கெம்ப்ஸ்டர், அதாவது கம்பளியைச் சீப்பால் வாருகிறவள், குடும்பப் பெயராகவே தேங்கிவிட்டாள். பாக்ஸ்டர் கொஞ்சம் பரவாயில்லை. டெக்ஸ்டர் மட்டும்தான் தாக்குப்பிடித்தது. அமெரிக்காவில் டெக்ஸ்டர் குடும்பங்கள் பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஜான் ஆடம்ஸின் ஆட்சியில் போர் அமைச்சராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த சாமுவேல் டெக்ஸ்டர் அவர்களில் தெரிந்த முகம். முதற்பெயராகக் கொண்டவர்களில் 1923இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சாக்ஸபோன் மேதை டெக்ஸ்டர் கோர்டனைச் சொல்லலாம். இங்கிலாந்து, வேல்ஸில் 2010களில் இந்தப் பெயர் முதல் நூறுக்குள்ளும் வந்தது. ஆகவே கனடாவில் குழந்தையின் வகுப்பில் இன்னொரு டெக்ஸ்டர் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், மூன்று பேர் இருந்தால் ஆச்சரியப்படலாம்.

மற்ற சகோதரிகள் தேங்க, இவள் மட்டும் ஏன் முன்னே வந்தாள்? நான் சொன்ன லத்தீன் முகம்தான் காரணம் என்பது என் கணிப்பு. வெப்ஸ்டர் என்றால் காதில் அந்தப் பெயருள்ள ஆங்கில அகராதிதான் விழும். டெக்ஸ்டர் என்றால் கைத்திறனைக் குறிக்கும் ‘டெக்ஸ்டெரிட்டி’ என்ற லத்தீன் வழிச் சொல்லின் எதிரொலி கேட்கிறது. பெற்றோருக்கு வலது கையும் கெட்டிக்காரத்தனமும் தோன்றுகின்றன. சாயத் தொட்டி தோன்றுவதில்லை.

அப்பா இருந்தால் அவரிடம் சொல்ல ஒரு செய்தி உண்டு. 1961–62இல் இங்கிலாந்து அணியைக் கூட்டிக்கொண்டு இந்தியா வந்த கேப்டன் டெட் டெக்ஸ்டர். எதிர் அணிக் கேப்டன் நாரி கான்ட்ராக்டர். 1962 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இந்தியா 128 ரன்னில் ஜெயித்து, இங்கிலாந்துக்கு எதிராக முதல்முறையாகத் தொடரைக் கைப்பற்றியது. ஒரு பக்கம் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய தொழிற்பெயர், இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் பார்ஸிகள் சூட்டிக்கொண்ட புத்தம்புதிய தொழிற்பெயர். அந்தத் தொடரில்தான் ஃபரோக் எஞ்சினியரும் டெஸ்ட் அணிக்குள் வந்தார்.

அம்மாவிடம் ‘சாயம் தோய்ப்பவர்’ என்று சொல்லுங்கள், தட்சிணாமூர்த்தி சொந்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டில் ஒரு விஷயம் கேட்டுப் பாருங்கள்: அவருடைய அம்மாவுக்கோ பாட்டிக்கோ கல்யாணத்துக்கு முன் டெக்ஸ்டர் என்ற குடும்பப் பெயர் இருந்ததா என்று. இருந்திருந்தால், கேம்டன் காலத்துப் பழக்கப்படி ஒரு பாட்டியின் பிறந்த வீட்டைத்தான் அந்தக் குழந்தை பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.